காற்றறிந்து பறத்தல்

கண்ணுக்குப் புலனாகாது, கைக்கும் அகப்படாது, ஆயினும் நம் வாழ்வை நாள்தோறும் இயக்கி வருவது காற்று. நம் முன்னோர் அதனை ஒரே பெயரால் அழைத்து அமைந்துவிடவில்லை. கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் பிரித்துப் பெயரிட்டனர். திசை வேறாயின் குணமும் வேறாகும் என்பது அவர்கள் கண்ட உண்மை. கொண்டல் மழையைக் கொணரும். கோடை வெம்மையைத் தரும். வாடை உடலை நடுங்கச் செய்யும். தென்றல் உள்ளத்தைக் குளிர்விக்கும். உழவரும் கடலோடிகளும் இக்குணங்களை அறிந்தே தத்தம் தொழிலைத் தொடங்கினர்.

எங்கள் கொங்கு நாட்டில் காற்றுக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. தெற்கு வடக்காக மதில்போல் நீண்டு கிடக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில், வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் இடையில் ஒரு பெருவாயில் அமைந்துள்ளது. ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுடைய அவ்வாயிலையே பாலக்காட்டுக் கணவாய் என்கிறோம். ஆனி, ஆடித் திங்கள்களில் தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே விரைந்து நுழையும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழியின் பொருளை எங்கள் பக்கத்துப் பிள்ளைகட்கு விளக்க வேண்டியதில்லை. உடுமலைப்பேட்டை, தாராபுரம், பல்லடம் ஆகிய பகுதிகளில் வரிசை வரிசையாகச் சுழலும் காற்றாலைகளே அதற்குச் சான்று. தைத்திங்களிலோ நிலை மாறிவிடும். கிழக்கிலிருந்து வரும் காற்று அதே வாயில் வழியாக மேற்கு நோக்கிச் செல்லும். ஒரே வாயில், ஒரு பருவத்தில் வருவதற்கு, மற்றொரு பருவத்தில் போவதற்கு!

இவ்வாயிலின் அருகே உள்ள பொள்ளாச்சியில், 2015ஆம் ஆண்டில் தொடங்கிய பன்னாட்டுப் பலூன் திருவிழா பொங்கலை ஒட்டி நடைபெற்று வருகிறது. பல நாடுகளிலிருந்து வெப்பக்காற்றுப் பலூன்களும் அவற்றை ஓட்டும் வல்லுநர்களும் அங்கு வருகின்றனர். யான் திருப்பூரில் முப்பது ஆண்டுகட்கு மேல் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பொங்கல் விடுமுறையில் பனியன் கம்பெனிகளின் எந்திரங்கள் ஓய்ந்து, நகரமே அமைதி கொண்டிருந்த ஓராண்டில், என் பேரனையும் அவன் தோழர் இருவரையும் அழைத்துக்கொண்டு அத்திருவிழாவைக் காணச் சென்றேன். என்னிடம் பயின்று, இப்போது தையற்காரராக வேலை பார்க்கும் மாணவர் ஒருவரும் உடன் வந்தார்.

மைதானத்தில் பலூனின் துணியை விரித்துப் போட்டிருந்தனர். பிள்ளைகள் அதன் வண்ணத்தை வியந்தனர். என் மாணவரோ குனிந்து அதன் தையலை ஆராய்ந்தார். “நம்ம பனியனுக்கு ஓவர்லாக் தையல் போதுமுங்க ஐயா. இதுல ரெண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடிச்சு, ரெட்டைத் தையல் போட்டிருக்காங்க. ஒரு நூல் விட்டாலும் இன்னொரு நூல் தாங்குமுங்க” என்றார். பின்னர்ச் சற்றே சிந்தித்து, “பனியன் துணின்னா காற்றுப் புகுந்து வரணும், இந்தத் துணிக்குள்ள போன காற்று வெளியே போகவே கூடாது” என்றும் கூறினார். எவ்வளவு அரிய விளக்கம்! பின்னலாடையின் பெருமை காற்றை உள்ளே விடுதல். பலூனின் பெருமை காற்றைத் தடுத்து வைத்தல். இரண்டும் துணியே, தொழிலால் வேறுபட்டன.

அத்துணிக்குள் காற்று என்ன செய்கிறது? ஒரு கனமீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். அதனை 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால், காற்று விரிந்து, அதே கனமீட்டரில் அடங்கும் காற்றின் எடை ஏறத்தாழ 0.95 கிலோகிராமாகக் குறையும். வேறுபாடு கால் கிலோகிராம்தான். ஆனால் நால்வர் ஏறிச் செல்லும் பலூன் ஒன்று 2,500 கனமீட்டர் காற்றைக் கொள்ளுமாயின், கால் கிலோ என்பது 600 கிலோவுக்கு மேற்பட்ட தூக்குவிசையாகப் பெருகிவிடும். துணி, கூடை, எரிவாயு உருளைகள், மனிதர் ஆகிய அனைத்தையும் சுமந்து எழுவது இச்சிறு வேறுபாட்டின் பெருக்கமே. சிறுதுளி பெருவெள்ளம் என்பதற்கு வானத்திலும் எடுத்துக்காட்டு இருத்தல் காண்க.

இனி, இவ்வூர்தியை ஓட்டுவது எங்ஙனம்? மாட்டுவண்டிக்கு மூக்கணாங்கயிறு உண்டு. மிதிவண்டிக்குக் கைப்பிடி உண்டு. கப்பலுக்குச் சுக்கான் உண்டு. சோழன் கரிகால் வளவனின் முன்னோர் காற்றையே ஏவல்கொண்டு கலம் செலுத்தினர் என வெண்ணிக் குயத்தியார் என்னும் புலவர் புறநானூற்றில் பாடியுள்ளார். காற்றை ஏவல்கொள்ளப் பாயும் சுக்கானும் வேண்டும். பலூனுக்கோ இரண்டும் இல்லை. நெருப்பை மிகுத்தால் ஏறும். மேலுச்சியிலுள்ள துளையைக் கயிற்றால் இழுத்துத் திறந்தால் இறங்கும். ஏறுதல், இறங்குதல் ஆகிய இரண்டே ஓட்டுநரின் கையில் உள்ளன. எத்திசையில் செல்வது என்பது முழுவதும் காற்றின் கையில் உள்ளது.

ஆயினும், காற்று எல்லா உயரத்திலும் ஒரே திசையில் வீசுவதில்லை. தரையை ஒட்டி ஒரு திசையிலும், 200 மீட்டர் உயரத்தில் வேறொரு திசையிலும் அது வீசக்கூடும். நூலகத்து அடுக்குகளிலிருந்து வேண்டிய நூலை எடுப்பதுபோல, ஓட்டுநர் வேண்டிய காற்றடுக்கைத் தேடி ஏறியும் இறங்கியும் தம் வழியை அமைத்துக்கொள்கிறார். புறப்படுமுன் கையளவுள்ள சிறு பலூன் ஒன்றை வானில் விட்டு, அது செல்லும் போக்கைக் கண்கொட்டாமல் நோக்குகிறார். நம் களத்துமேட்டில் உழவர் முறத்தை உயர்த்துமுன் ஒரு கைப்பிடிப் பதரை உதிர்த்துப் பார்ப்பாரன்றோ? அதுபோன்றதே இதுவும்.

இங்கே வியப்பான செய்தி ஒன்றுண்டு. பலூனில் செல்வோருக்குக் காற்று வீசுவதே தெரியாது. பலூன் காற்றோடு காற்றாக அதே வேகத்தில் செல்லுவதால், கூடையில் கட்டிய கொடிகூட அசையாமல் தொங்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போதும், ஒரே இடத்தில் நிற்பதாகவே தோன்றும். கீழே ஓடும் மரங்களையும் வயல்களையும் நோக்கினால்தான் வேகம் விளங்கும். தரையைத் தொடும் நொடியிலோ உண்மை முழுவதும் வெளிப்பட்டுவிடும். அதுவரை தெரியாதிருந்த வேகம் கூடையைச் சாய்க்கும், இழுத்துச் செல்லும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தாக்குதல் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. கூடையைப் பிரம்பினால் பின்னுவதும் இதனாற்றான். பிரம்பு வளைந்து கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும்.

திடீரெனக் காற்று மாறுவது ஏன் என்பதையும் அறிந்துகொள்ளுதல் நன்று. இரவில் நிலம் குளிர்கிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, அசைவின்றிப் படிந்திருக்கிறது. அதற்குமேல் விரைவான காற்று ஓடிக்கொண்டிருந்தாலும் கீழிருப்போர் அதனை உணரார். கதிரவன் எழுந்து நிலத்தைச் சூடாக்கியதும், கீழ்க்காற்று மேலெழுந்து மேற்காற்றோடு கலக்கும். மேலே ஓடிய வேகம் தரைக்கு இறங்கி வரும். இதனால்தான் பலூன்கள் விடியலை ஒட்டியோ, பொழுது சாயும் வேளையிலோ மட்டும் பறக்கின்றன. இடிமுகில்களால் விளையும் தீங்கு இன்னும் பெரிது. முகிலிலிருந்து கொட்டும் குளிர்காற்று தரையில் மோதி, நாற்புறமும் பல கிலோமீட்டர் தொலைவுக்குப் பாயும். தலைக்குமேல் வானம் தெளிவாயிருக்கும்போதே அக்காற்று வந்து தாக்கிவிடும்.

அவ்வேளையில் ஓட்டுநர் நெருப்பை மிகுத்து உடனே மேலேறிவிட முடியாதா என்று பிள்ளைகள் வினவலாம். முன்னே கூறிய பலூனுக்குள் அடைபட்ட காற்றின் எடையே இரண்டு டன்னுக்கு மேலாகும். அத்துணைப் பெரும் பொருள் நினைத்தவுடன் நகராது. நெருப்பு எரியத் தொடங்கிய பின்னும் சில வினாடிகள் கழிந்தே அது மேலெழும். மேலும், வேறு வேகமுள்ள காற்றடுக்கில் நுழையும்போது துணி ஒருபுறம் குழிந்து, சூடான காற்று வாய்வழியே வெளியேறவும் கூடும். அச்சில வினாடிகளில் மின்கம்பியோ மரமோ எதிர்ப்படுமாயின் என்னாகும்?

வரலாறு இதற்கு விடை கூறுகிறது. 1783ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், பாரிசு நகரில் பிலாத்ர் டி ரோசியர் என்பாரும் தார்லாந்து பெருமகனும், மாந்தருள் முதன்முதலாகக் கட்டற்ற பலூனில் வானில் பறந்தனர். அவருள் டி ரோசியர், பிரான்சிலிருந்து கடலைக் கடந்து இங்கிலாந்தை அடைய விரும்பினார். ஏற்ற காற்றுக்காகக் கடற்கரையில் பல மாதங்கள் காத்திருந்தார். இதற்கிடையே 1785 சனவரி 7ஆம் நாள் வேறிருவர் இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குப் பறந்து முந்திக்கொண்டனர். அவ்வாண்டு சூன் 15ஆம் நாள் காலையில் அவர் துணைவர் ஒருவருடன் எழுந்தார். கடல்மேல் சிறிது தொலைவு சென்றதும் காற்று மாறி, பலூனைக் கரைநோக்கித் திருப்பியது. சற்று நேரத்தில் பலூன் நிலைகெட்டு வீழ, இருவரும் மாண்டனர். ஹைட்ரஜன் வளியையும் எரியும் நெருப்பையும் ஒரே ஊர்தியில் சேர்த்தது வீழ்ச்சிக்கு நெருங்கிய காரணமாகக் கூறப்படுகிறது. முதன்முதல் பறந்தவரே வான்விபத்தில் முதன்முதல் மடிந்தவருமானார்.

நம் துணைக்கண்டத்திலும் அத்தகைய துயரம் நிகழ்ந்ததுண்டு. 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், டாக்கா நவாபின் அழைப்பின்பேரில், ஜெனெட் வான் டாசல் என்னும் அமெரிக்கப் பெண்மணி வெப்பக்காற்றுப் பலூனில் ஏறிப் பறந்து காட்டினார். புரிகங்கை ஆற்றின் மறுகரையிலிருந்து எழுந்து, ஆற்றைக் கடந்து, நவாபின் அரண்மனையாகிய அசன் மன்சிலின் மேல்மாடியில் இறங்குவது அவர்தம் திட்டம். பெருங்கூட்டம் காத்திருந்தது. காற்றோ அவரை அரண்மனையைக் கடத்திக் கொண்டுசென்று, சோலையில் உயர்ந்த மரமொன்றில் சிக்கவைத்தது. மூங்கில்களை ஒன்றோடொன்று கட்டி உயர்த்தி, அவரை இறக்க முயன்றனர். அம்முயற்சியில் அவர் கீழே வீழ்ந்து, சில நாளில் உயிர்நீத்தார்.

அக்காலத்தில் வானிலை அறிவும் கருவிகளும் போதா எனக் கூறலாம். ஆனால் 2012ஆம் ஆண்டு ஆகத்து 23ஆம் நாள், சுலோவேனியா நாட்டின் தலைநகராகிய லுப்லியானாவுக்கு அருகில், 32 பேரைச் சுமந்து சென்ற பலூன் இடிமழையின் வன்காற்றில் அகப்பட்டு வீழ்ந்து தீப்பற்றியது, அறுவர் உயிரிழந்தனர். 2025ஆம் ஆண்டு சூன் திங்களில் துருக்கி நாட்டின் அக்சராய் மாகாணத்தில், தரையிறங்கும் வேளையில் காற்றுத் திடீரென மாறியதால் நேர்ந்த விபத்தில் ஓட்டுநர் உயிரிழந்தார். பயணிகள் பலர் காயமுற்றனர். கருவி பெருகினும் காற்றின் இயல்பு மாறவில்லை என்பதனை இவை அறிவிக்கின்றன.

பொள்ளாச்சியிலும் காற்றுத் தன் கைவரிசையைக் காட்டியதுண்டு. 2025ஆம் ஆண்டு சனவரியில் அங்கு எழுந்த பலூன் ஒன்று மாநில எல்லையைக் கடந்து, கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்து நெல்வயலில் இறங்கியது. நற்பேறாக ஏறிச் சென்றவர்கட்குத் தீங்கு நேரவில்லை. தைத்திங்களில் கிழக்குக் காற்று அவ்வாயில் வழியே மேற்கு நோக்கிச் செல்லும் என்று முன்னே கூறியதை நினைவுகூர்ந்தால், அப்பலூன் ஏன் அங்குச் சென்றது என்பது எளிதில் விளங்கும். திறந்த வயல் கிடைத்தது. ஓட்டுநர் அதனைத் தேர்ந்து இறக்கினார். மின்கம்பியும் மரமும் நிறைந்த ஊராயின் முடிவு வேறாயிருக்கலாம்.

யாங்கள் சென்ற திருவிழாவின் இரண்டாம் நாள் விடியலில் நிகழ்ந்ததை ஈண்டுக் கூறுதல் பொருத்தமாகும். பனி விலகாத வேளையிலேயே மைதானம் நிரம்பியிருந்தது. முன்னிரவிலேயே ஊரைவிட்டுப் புறப்பட்டு வந்தோர் பலர். தரையில் இலைகூட அசையவில்லை. ஓட்டுநர்கள் சிறு பலூனை வானில் விட்டனர். அது சிறிது உயரம் நேராகச் சென்று, திடீரெனத் திரும்பி, விரைந்து மறைந்தது. ஓட்டுநர்கள் கூடிப் பேசினர். அரைமணி கழித்து மற்றொன்றை விட்டனர். அதுவும் அவ்வாறே சென்றது. இன்று காலை பலூன்கள் பறக்கமாட்டா என்று ஒலிபெருக்கியில் அறிவித்தனர்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. குழந்தையைத் தோளில் சுமந்திருந்த ஒருவர், “இங்கே ஓர் இலைகூட ஆடலியே! காசு கட்டிப்போட்டு, ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்திருக்கிறோமுங்க. கொஞ்ச உயரமாச்சும் ஏத்தி இறக்கினா என்னங்க?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. வாரம் முழுவதும் எந்திரத்தின் முன் அமர்ந்து உழைப்பவர்க்கு ஒரு விடுமுறை நாள் எத்துணை அருமையானது என்பதை யான் அறிவேன். அயல்நாட்டு ஓட்டுநர் ஒருவர், தொண்டர் ஒருவரின் மொழிபெயர்ப்பால் அவர்க்கு விடை கூறினார்: “மேலே இருக்கும் காற்றுக் கீழே எப்போது இறங்கும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் குழந்தை கூடையில் இருக்கும்போது அதைத் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.” கேட்டவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு குழந்தையின் தலையைத் தடவி, “சரிங்க, இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று கூறி நகர்ந்தார்.

கதிரவன் மேலே ஏறினான். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில், அதுவரை அசையாதிருந்த தென்னை ஓலைகள் சலசலத்தன. புழுதி எழுந்து கண்ணை மறைத்தது. பந்தலின் துணி படபடவென அடித்துக்கொண்டது. என் பேரன் என் கையைப் பற்றிக்கொண்டு, “தாத்தா, அவர் சொன்ன காற்று இறங்கிவிட்டது” என்றான்.

மாணவர்களே! அறைகூவலை ஏற்றுத் துணிந்து எழுவோரை உலகம் வீரர் எனப் போற்றுகிறது. எழத்தகாத வேளையில் எழாமல் நிற்பவரை அது அத்துணை எளிதில் போற்றுவதில்லை. அவர்தம் செயலுக்குக் காட்சி இல்லை. நிகழாத விபத்தை எவரும் செய்தித்தாளில் படிப்பதில்லை. ஆயினும் ஆயிரவர் கூடி ஏளனம் செய்யும் இடத்தில் ‘இன்று வேண்டா’ என்று ஒருவர் உறுதியாகச் சொல்லுதற்கு வேண்டிய துணிவு சிறிதன்று. துருக்கியின் கப்படோசியாப் பகுதியில் இம்முடிவை ஓட்டுநர்களின் விருப்பத்துக்கே விட்டுவிடாமல், அரசின் வான்போக்குவரத்துத் துறையே நாள்தோறும் காற்றை ஆராய்ந்து, பச்சைக்கொடி, சிவப்புக்கொடி முறையால் இசைவோ தடையோ அளிக்கிறது. கூட்டத்தின் ஆவலும் பணத்தின் நெருக்குதலும் ஒருவரின் தெளிவைக் குலைத்துவிடக்கூடும் என்பதனால், அத்துணிவைச் சட்டமே தாங்கிக்கொள்கிறது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நாம் அடிக்கடி கேட்கும் பழமொழி. வாய்ப்பு வரும்போது நழுவவிடாதே என்பதே அதன் பொருளாகக் கூறப்படும். அப்பொருள் சரியே, ஆயின் அது பாதிப்பொருள். எந்தக் காற்றிலும் தூற்றிக்கொள் என்று எந்த உழவரும் கூறியதில்லை. காற்று இல்லையாயின் பதர் பிரியாது. காற்று மிகுந்தால் பதரோடு நெல்லும் பறந்துவிடும். காற்று மாறினால் தூசி தூற்றுபவர் கண்ணிலேயே விழும். ஆகவே, கைப்பிடிப் பதரை உதிர்த்துப் பார்த்து, ஏற்ற காற்று வரும்வரை முறத்தைத் தாழ்த்திக் காத்திருத்தலும் தூற்றுதலின் ஒரு பகுதியே ஆகும்.

நீவிர் வளர்ந்து பல தொழில்களில் புகுவீர். கொதிகலனை இயக்குவோர் சிலர். பேருந்தை ஓட்டுவோர் சிலர். மின்கம்பத்தில் ஏறுவோர் சிலர். நூற்றுக்கணக்கானோர் பணிபுரியும் ஆலையை நடத்துவோர் சிலர். உம்மைச் சூழ்ந்தோர் ‘இலைகூட ஆடவில்லையே, தொடங்கு’ என்று விரைவுபடுத்தும் நாள் ஒன்று வரும். பலரோடு சேர்ந்து ஓடும்போது, பலூனில் செல்வார்போல நீவிரும் வேகத்தை உணரமாட்டீர். அன்று உம் கையிலுள்ள சிறு பலூனை வானில் விட்டு, அது செல்லும் திசையை உம் கண்ணாலேயே பாருங்கள். ஏற்ற காற்றாயின் தயங்காது எழுங்கள். அன்றாயின், துணியை ஒழுங்காக மடித்து வையுங்கள். நாளையும் விடியும், நாளையும் காற்று வீசும், பறப்பதற்கு நாமும் இருத்தல் வேண்டும்.